தொட்டியத்துத் தீயும் கடம்பூர் இருளும்

எல்லாவற்றையும் விரித்துச் சொல்லி முடித்த நூல் உலகில் இல்லை. சொல்லாது விட்ட பொருளைக் கற்போன் தானே கண்டுகொள்ளுமாறு வைப்பதை ‘உய்த்துணர வைப்பு’ என்று நன்னூல் ஓர் உத்தியாகவே எண்ணுகிறது. ‘உய்த்துக்கொண்டு உணர்தல்’ என்று தொல்காப்பிய மரபியலும் அதனைக் குறிக்கும். ஆயினும் எவ்வளவு உய்த்துணரலாம், எவ்விடத்தில் நிற்றல் வேண்டும் என்பது உத்தியின் பெயரைக் கொண்டு விளங்குவதன்று. அருளிச்செயல் வ்யாக்யாதாக்கள் இந்த எல்லையைத் தம் உரைகளிலே ஆண்டு காட்டியுள்ளனர். அவர்கள் கையாண்ட முறை பாசுரங்களுக்கும் ரஹஸ்ய க்ரந்தங்களுக்கும் மட்டுமே உரியது என்று ஒதுக்கத்தக்கதன்று. தமிழ் மக்கள் பெரிதும் விரும்பிப் படிக்கும் கதைநூல் ஒன்றில் விடுபட்டவை குறித்து எழுபது ஆண்டுகளாக நடந்துவரும் வழக்காடலுக்கும் அது துணை செய்யும். அக்கதைநூல் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. வழக்கு, ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பது.

ஸூத்ரம் விட்டதும் உரை சொன்னதும்

முதலில் உரை மரபினின்றே ஓர் எடுத்துக்காட்டைக் காண்பது நன்று. காவிரியின் வடகரையில், முசிறிக்கு மேற்கே உள்ளது தொட்டியம். அதனைச் சார்ந்த திருநாராயணபுரத்தில் வேதநாராயணப் பெருமாள் எழுந்தருளியிருக்கிறார். இவ்வூர் ஸ்ரீவைஷ்ணவ ரஹஸ்ய க்ரந்தங்களில் நிலைபெற்றதற்குக் காரணம் ஒரே ஒரு பெயர்.

பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசநபூஷணத்தில், உபாயத்துக்கும் உபேயத்துக்கும் அதிகாரிகள் இருக்கவேண்டிய நிலைக்கு உதாரணம் காட்டுமிடத்தில், உபேயத்துக்கு இளைய பெருமாள், பெரிய உடையார், பிள்ளை திருநறையூர் அரையர், சிந்தயந்தி ஆகிய நால்வரை எண்ணுகிறார். அவர்கள் செய்தது இன்னது என்று அங்கே விரிக்கவில்லை. இளைய பெருமாளையும் பெரிய உடையாராகிய ஜடாயுவையும் ஸ்ரீராமாயணம் கற்றவர் அறிவர். சிந்தயந்தியை ஸ்ரீவிஷ்ணுபுராணம் கற்றவர் அறிவர். அரையரின் சரிதமோ எந்த இதிஹாஸத்திலும் புராணத்திலும் இல்லை. பராசர பட்டரோடு ஒரு காலத்தில் வாழ்ந்தவர் அவர்; பட்டரும் அவருமாகத் திருவரங்கத்தை மெல்ல மெல்லப் பார்த்து அநுபவித்து வலம் வந்த செய்தி உரைகளில் வரும். அவரை லக்ஷ்மணனுக்கும் ஜடாயுவுக்கும் அடுத்து நிறுத்தியது ஏன்? ஸூத்ரத்தை மட்டும் படிப்பவனுக்கு அது புலப்படாது.

மணவாள மாமுனிகளின் (1370–1443) வ்யாக்யானமே இதனைத் தெளிவாக்குகிறது. தொட்டியம் திருநாராயணபுரத்தில் பகைவர் கோயிலில் தீயிட்டபோது, அர்ச்சாவதாரத் திருமேனி வேவதைப் பொறுக்கமாட்டாமல், அரையர் தம் குடும்பத்தோடு அதனை அணைத்துக்கொண்டு உயிர்விட்டார். இவ்வளவே செய்தி. தம் முயற்சியைப் பேற்றுக்கு உபாயமாக்கக் கூடாது என்று விதிக்கும் அதே நூல் இச்செயலை எவ்வாறு கொண்டாடும் என்ற ஐயத்துக்கும் இதனுள்ளேயே விடை உண்டு. அரையர் அதனைப் பேறு பெறும் வழியாகக் கருதிச் செய்யவில்லை. ப்ரேமம் பொறுக்கமாட்டாமையால் நேர்ந்த செயல் அது. ஆகலின் அது உபேய நிஷ்டைக்கு உதாரணமாயிற்று.

இங்கே உரையாசிரியர் கூட்டியதையும் கூட்டாததையும் ஒருங்கே நோக்க வேண்டும். ஊரைச் சொன்னார், பெருமாளைச் சொன்னார், தீயைச் சொன்னார், அணைத்துக்கொண்டதைச் சொன்னார். அந்நான்கும் ஸூத்ரத்தின் பொருள் விளங்குவதற்கு இன்றியமையாதவை. தீயிட்டவரின் மேல் உரையின் நோக்கம் செல்லவில்லை. தீ மூட்டியவர் யார் என்பதைக் காட்டிலும், மூண்ட தீயினுள் புகுந்தவர் யார் என்பதே அங்கு வேண்டப்படுவது. கதை கேட்கும் ஆவல் முன்னதைத் துருவும். ஸூத்ரத்தின் தாத்பர்யம் பின்னதில் உள்ளது. ஆவலுக்கும் தாத்பர்யத்துக்கும் உள்ள இவ்வேறுபாட்டை அறிவதே உரை செய்வோனுக்கு முதல் தகுதி.

மௌனம் மூவகை

நூலாசிரியர் ஒன்றைச் சொல்லாது விடுவதற்குக் காரணம் ஒன்றே அன்று. தம் காலத்தவர் எல்லாரும் அறிந்தது என்பதனால் விடுவது ஒரு வகை. பிள்ளை லோகாசார்யர் அரையரின் சரிதத்தை விடுத்தது இவ்வகை. அவர் உபதேசித்த கோஷ்டியில் தொட்டியத்துச் செய்தியை அறியாதவர் இருந்திரார். காலம் செல்லச் செல்ல, அறிந்தவர் குறைந்தபோது, உரை தேவையாயிற்று. இவ்வகை மௌனத்தை நிரப்ப வேண்டியது ஸம்ப்ரதாயச் செய்தி. கேட்போன் கற்பனை அன்று.

வேண்டுமென்றே விடுவது இரண்டாம் வகை. இங்கே சொல்லாமையே ஒரு பொருளைத் தரும். நிரப்பினால் அப்பொருள் அழியும். மறதியாலும் விரைவாலும் ஏடெழுதுவோர் பிழையாலும் நேர்வது மூன்றாம் வகை. இதன்மேல் பெரும்பொருள் ஏற்றுவது மணலின்மேல் மாடம் எடுப்பதை ஒக்கும். நேர்ந்திருப்பது எவ்வகை மௌனம் என்று துணிந்த பின்னரே அதனை நிரப்பலாமா என்று கேட்டல் முறை. பெரும்பாலான வாசகர் இந்த முதற்படியைத் தாண்டிக் குதித்து இரண்டாம் படியில் நிற்பதனாலேயே பிணக்குகள் விளைகின்றன.

எவ்வளவு நிரப்பலாம் என்பதற்கு மீமாம்ஸகர் காட்டும் அர்த்தாபத்தி ஓர் அளவுகோல். தேவதத்தன் பகலில் உண்பதில்லை, ஆயினும் பருத்திருக்கிறான். இவ்விரண்டும் பொருந்த வேண்டுமாயின் அவன் இரவில் உண்கிறான் என்று கொள்ள வேண்டும். இதனைத் தனிப் ப்ரமாணமாக பாட்டர் கொள்வர். அனுமானத்துள் அடக்குவர் விசிஷ்டாத்வைதிகள். எப்படிக் கொண்டாலும் எல்லை ஒன்றே. இரவில் உண்கிறான் என்பது வரை யுக்தி உண்டு. இரவில் சர்க்கரைப் பொங்கல் உண்கிறான் என்பதும், அதனை அயல்வீட்டார் தந்தனர் என்பதும் கேட்போன் தன் நாவுக்கு ஏற்பச் சேர்த்தவை. சொன்னவை முரணாமல் நிற்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே கூட்டலாம். அதற்கு மேற்பட்டது கூட்டுவோனுடைய கதை.

கடம்பூர் மாளிகையில் அணைந்த விளக்கு

‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடராக வந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாகச் சிகரம் என ஐந்து பாகங்களாக அது விரிந்தது. தொடர் முடிந்த அதே ஆண்டின் டிசம்பரில் ஆசிரியர் மறைந்தார். வாரந்தோறும் ஒரு பகுதி படித்துவிட்டு அடுத்த இதழ் வரும்வரை காத்திருந்தவர்கள், சொல்லாது விட்டவற்றைத் தம்முள் பேசிப் பேசி நிரப்பிப் பழகினர். அவர்கள் பேரர்களும் அதே வினாக்களை இன்று எழுப்புகின்றனர்.

இந்நூலில் மேற்கூறிய மௌனங்கள் பலவும் உண்டு. கதை ஆடிப் பதினெட்டில், வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. மக்கள் புதுவெள்ளம் காணக் கூட்டமாகக் கரைக்கு வந்து சித்திரான்னம் உண்டு மகிழ்வது ஏன் என்று 1950-இல் படித்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. தொட்டியத்திலும் முசிறியிலும் திருவரங்கத்து அம்மா மண்டபத்திலும் பதினெட்டாம் பெருக்குக்கு ஆற்றங்கரை சென்றவர்கள் அவர்கள். இன்று வெளிநாட்டு நகரத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு அதற்கு உரை வேண்டும். இது முதல் வகை.

சிறுவனான அருள்மொழிவர்மன் காவிரியில் விழுந்தபோது அவனைக் காத்த பெண் யார் என்பது நெடுநேரம் சொல்லப்படாமல் இருந்து, ஈழத்து ஊமை ராணியிடம் கதை சென்றபின் விளங்குகிறது. இது ஆசிரியர் தாமே விட்டுத் தாமே நிரப்பிய இடம். வாசகன் பொறுத்திருந்தால் போதும்.

கரிகாலன் கொலை இவ்விரண்டிலும் சேராது. கடம்பூர் மாளிகையில் நந்தினியின் அறையில் அது நிகழ்கிறது. நந்தினி கையில் வாள் உண்டு. பாண்டியனின் ஆபத்துதவிகள் அருகில் உள்ளனர். வந்தியத்தேவன் மறைந்திருக்கிறான். பெரிய பழுவேட்டரையர் மாறுவேடத்தில் வந்திருக்கிறார். மணிமேகலையும் அவ்விடத்தை விட்டு அகலவில்லை. அந்நேரத்தில் விளக்கு அணைகிறது. ஒளி திரும்பும்போது இளவரசன் உயிரோடு இல்லை. யார் கை கொன்றது என்று கதைசொல்லி துணிந்து சொல்வதில்லை. தொடர் முடிந்தபின் எழுதிய முடிவுரையில் கதைமாந்தரின் பிற்காலம் பற்றிய வினாக்கள் சிலவற்றுக்கு ஆசிரியர் விடை தந்தார். இந்த இருளை அவர் அங்கும் விலக்கவில்லை.

வாசகர் தரும் விடைகள் பல. ரவிதாசன் என்பார் ஒரு சாரார். நந்தினி என்பார் மற்றொரு சாரார். பழுவேட்டரையர் எறிந்த கத்தி இலக்குத் தவறிற்று என்பார் உளர். இளவரசன் தானே சாவைத் தேடிக்கொண்டான் என்பாரும் உளர். ஒவ்வொருவரும் கதையினின்று சான்று காட்டுகின்றனர். ஒருவர் சான்றை மற்றவர் சான்று தடுக்கிறது. அர்த்தாபத்தி இங்கே உதவாது. இவற்றுள் ஒன்றைக் கொண்டால்தான் கதை பொருந்தும், மற்றவற்றால் பொருந்தாது என்று காட்ட இயலாமையால், எதனையும் கூட்டுவதற்கு நூலின் அனுமதி இல்லை. எல்லா விடைக்கும் சமமாக இடம் தந்து எதனையும் உறுதி செய்யாத இவ்வமைப்பு மறதியால் வாராது. விளக்கை அணைத்தவர் ஆசிரியர். ஆகவே இது இரண்டாம் வகை மௌனம்.

அவ்வாறாயின் இந்த மௌனம் தரும் பொருள் யாது? இதற்குப் பின் கதையில் நடப்பதைப் பார்க்க வேண்டும். பழி வந்தியத்தேவன்மேல் விழுகிறது. அவனைக் காக்கும் பொருட்டு மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள். பெரிய பழுவேட்டரையர் தம் கையே காரணம் என்று அறிவித்து, தம் உயிரையும் முடித்துக்கொள்கிறார். இருள் இல்லாதிருந்தால் இவ்விரண்டும் நிகழா. கொன்றவர் இன்னார் என்று தெரிந்திருந்தால் மணிமேகலையின் சொல் வெறும் பொய்யாகும். முதியவரின் சொல் வெறும் வாக்குமூலமாகும். யாரும் உறுதியாக அறியாமையால்தான் அவள் சொல்லில் அன்பும் அவர் சொல்லில் வாழ்நாள் முழுதுக்குமான கழிவிரக்கமும் வெளிப்படுகின்றன. கொன்றவர் யார் என்னும் வினாவை நூல் மெல்ல மாற்றி, பழியைத் தாங்க முன்வருபவர் யார் என்று கேட்கிறது. கடைசிப் பாகத்துக்குத் ‘தியாகச் சிகரம்’ என்று பெயரிட்டவரின் கருத்துக்கு இது இசைந்தே உள்ளது. அரியணையை விட்டுக்கொடுப்பதில் முடியும் கதையில், பழியைத் தன்மேல் இட்டுக்கொள்வதும் ஒரு தியாகம்.

தொட்டியத்துச் செய்தியை மறுபடி நினைத்தால் ஒப்புமை விளங்கும். அங்கே உரை தீயிட்டவரைத் துருவாமல் தீயினுள் புகுந்தவரைக் காட்டிற்று. இங்கே கதை கொன்றவரை மறைத்து, பழியினுள் புகுந்தவரைக் காட்டுகிறது. பகவத் ப்ரேமத்தால் நேர்ந்ததும் மானிடக் காதலாலும் கழிவிரக்கத்தாலும் நேர்ந்ததும் ஒன்றாகா. அந்த வேறுபாட்டை மறத்தல் கூடாது. படிக்கும் முறை மட்டும் இரண்டுக்கும் பொதுவாகிறது.

கல்வெட்டும் கதையும்

இவ்வழக்கில் வெறும் பொழுதுபோக்கைக் கடந்த ஒன்றும் உண்டு. கரிகாலன் கதைமாந்தன் மட்டும் அல்லன். வாழ்ந்து கொலையுண்ட சோழ இளவரசன். காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்த உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில், முதல் இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கரிகால சோழனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், பஞ்சவன் பிரமாதிராசன் எனப்பட்ட ரவிதாசன், இருமுடிச்சோழப் பிரமாதிராசன் எனப்பட்ட பரமேசுவரன் முதலியோரை அது பெயர் சொல்கிறது. அவர்களும் அவர்களைச் சார்ந்த உறவினரும் உடைமை இழக்குமாறு வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு வந்த அரசாணையைத் தெரிவிக்கிறது. கொன்றது ஏன், தூண்டியவர் உண்டா என்பவற்றை அது சொல்லவில்லை. ஆணை வந்தபோது கொலை நிகழ்ந்து ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கடந்திருந்தன.

கல்லின் இந்த மௌனத்தையும் பலர் நிரப்பியுள்ளனர். உத்தம சோழன்மேல் நீலகண்ட சாஸ்திரியார் ஐயம் எழுப்பினார். அவ்வையத்தைச் சதாசிவ பண்டாரத்தார் மறுத்தார். இருவரும் தம் பெயரால், தம் காரணங்களோடு, மற்றவர் மறுக்கத்தக்க வகையில் எழுதினர். அது ஆராய்ச்சி நெறி. பின்னாளில் நேர்ந்தது வேறு. ரவிதாசன் வீரபாண்டியனின் ஆபத்துதவி என்பதும் பழிதீர்க்கச் சபதம் செய்தவன் என்பதும் கல்வெட்டில் இல்லை. கல்கியின் நூலில் உள்ளன. ‘பஞ்சவன்’ என்பது பாண்டியரைக் குறிக்கும் சொல்லாதலின் அவ்வாறு ஊகிக்க இடம் உண்டு என்று சொல்லலாம். ஊகத்தைக் கல்லில் வெட்டியதாகச் சொல்லலாகாது. ‘பிரமாதிராசன்’ என்பது அரசு தந்த பட்டம். அதனைக் கொண்டு ஒரு குலம் முழுதையும் குற்றக்கூண்டில் ஏற்றுவதும், அதற்கு எதிராக மற்றொரு குலத்தையோ உத்தம சோழனையோ ஏற்றுவதும் இன்று மேடைகளிலும் எழுத்துகளிலும் காணப்படுகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன் உறவினர்கள் உடைமை இழந்தனர். இன்று, கதையையும் கல்லையும் பிரித்தறியாத வாசிப்பினால், அக்கொலையோடு ஒரு தொடர்பும் இல்லாதவர்கள் பெயர் இழக்கின்றனர். சொல்லாததை நிரப்புவோன் யார்மேலோ பழி ஏற்றுகிறான் என்ற அச்சம் உரை செய்வோனுக்கு வேண்டும்.

ஆளவந்தார் திருவுள்ளம்

நிரப்பித்தான் ஆகவேண்டிய இடங்களில் பூர்வாசார்யர்கள் நடந்துகொண்ட முறைக்குத் திருமாலையாண்டானும் எம்பெருமானாரும் பற்றிய ஐதிஹ்யம் சான்று. ஆண்டான் எம்பெருமானாருக்குத் திருவாய்மொழிப் பொருள் அருளிச்செய்து வருகையில், இரண்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியின் மூன்றாம் பாட்டுக்கு, அறிவு தந்த பின்னும் ஸம்ஸாரத்தில் வைத்தாயே என்று ஆழ்வார் நொந்து கூறுவதாகப் பொருள் உரைத்தார். எம்பெருமானார் அதனை இசையவில்லை. முன்னும் பின்னும் உள்ள பாசுரங்கள் உவகையே வடிவாய் இருக்க, இது ஒன்று மட்டும் நோவாகுமா? சொற்களை வேறாகக் கூட்டி, அறியாமையில் கிடந்த காலத்திலேயே அன்பை விளைவித்தாயே என்று ஆழ்வார் உபகாரத்தை நினைந்து உருகுவதாகக் கொண்டார். இது ஆளவந்தாரிடம் தாம் கேளாத பொருள், விசுவாமித்திர ஸ்ருஷ்டி என்று கூறி ஆண்டான் உபதேசத்தை நிறுத்திவிட்டார். திருக்கோஷ்டியூர் நம்பி வந்து, இப்பொருளை ஆளவந்தார் அருளத் தாம் கேட்டதுண்டு என்று சொன்ன பின்னரே உபதேசம் மீண்டது.

இதிலிருந்து பெறப்படும் நெறிகள் மூன்று. புதிய பொருள் முன்பின் பாசுரங்களோடு இசைய வேண்டும் என்பது ஒன்று. கவியின் திருவுள்ளத்துக்கு இசைந்ததா என்று, அதனை அறியத்தக்கவர் வாயிலாகச் சோதிக்க வேண்டும் என்பது இரண்டு. மூன்றாவது, மாறுபட்ட இரண்டு பொருளும் சொன்னவர் பெயரோடு காக்கப்பட வேண்டும் என்பது. எம்பெருமானாரே மறுத்தார் என்பதற்காக ஆண்டானின் பொருளை மரபு அழித்துவிடவில்லை. ஆண்டான் நிர்வாகம், எம்பெருமானார் நிர்வாகம் என்று இரண்டும் இன்றும் ஓதப்படுகின்றன. தோற்ற பொருளும் சொன்னவர் பெயரோடு நிற்பதனால்தான் வென்ற பொருளின் அருமை விளங்குகிறது.

நந்தினியின் பிறப்புப் பற்றிய வழக்குக்கு இம்முறை பொருந்தும். அவள் தந்தை யார், வீரபாண்டியனுக்கும் அவளுக்கும் உள்ள உறவு யாது என்பவற்றில் கதைமாந்தர் சொல்வன ஒன்றோடொன்று ஒட்டவில்லை. வாரத் தொடராக ஆண்டுக்கணக்கில் எழுதியதால் நேர்ந்த நெகிழ்ச்சி என்பர் சிலர். அவள் தன்னையே அறியாதவள் என்பதே அவள் துயரத்தின் வேர், ஆகலின் இது கருதிச் செய்தது என்பர் சிலர். முன்னதற்குத் தொடர்கதையின் இயல்பு துணை. பின்னதற்கு, அவள் எவ்விடத்தும் வேரூன்ற முடியாமல் அலையும் போக்குத் துணை. கரிகாலன் கொலையைப் போல் இதில் வகை தெளிவாகவில்லை. ஆகவே இரண்டையும் நிர்வாக பேதமாக வைத்துக்கொள்வதே தகும். ஒன்றே உண்மை என்று மற்றதைச் சொன்னவரை இகழ்வதற்கு நூலில் இடம் இல்லை.

ஆயிரத்தில் பத்து

கல்கியும் ஓர் இடத்தில் பிறர் விட்டதை நிரப்பியவரே. வீரநாராயணபுரத்தில் நாதமுனிகள் இருந்த காலத்தில், மேல்நாட்டிலிருந்து வந்த ஸ்ரீவைஷ்ணவர்கள் குடந்தை ஆராவமுதனைப் பாடிய பத்துப் பாசுரங்களை ஸேவித்தனர் என்று குருபரம்பரை சொல்லும். அவர்கள் பெயர் அதில் இல்லை. கல்கி தம் கதையின் தொடக்கத்தில், அதே ஊரின் விண்ணகரத்தில் ஆழ்வார்க்கடியான் நம்மாழ்வார் பாசுரங்களைப் பாட, கோயில் பட்டரின் சிறு பிள்ளை கேட்டு நிற்பதாகவும், அப்பிள்ளையே பின்னாளில் நாதமுனிகள் ஆனதாகவும் அமைத்தார். பெயரற்று நின்ற யாத்திரிகரின் இடத்தில் தம் படைப்பாகிய நம்பியை நிறுத்தினார் என்றே இதனைக் கொள்ள வேண்டும். நாதமுனிகளின் திருவவதாரத்தைப் பரம்பரைக் கணக்கு ஒன்பதாம் நூற்றாண்டில் வைக்கிறது. சுந்தர சோழனின் இறுதிக் காலத்தில் நிகழும் கதையில் அவர் பாலராக இருத்தல் அக்கணக்கோடு இசையாது. கதையாசிரியருக்குரிய உரிமை என்று இதனை ஏற்கலாம். குருபரம்பரைச் செய்தியாக எடுத்தோதலாகாது.

நாதமுனிகள் செய்ததோ இதனினும் வேறு. அப்பத்துப் பாசுரங்களின் முடிவில், இவை ஆயிரத்துள் பத்து என்ற குறிப்பு இருந்தது. மற்றவை எங்கே என்று கேட்டார், வந்தவர்க்குத் தெரியவில்லை. இதற்கு முன் அப்பாசுரங்களை ஓதியவர் பலர் இருந்திருப்பர். அவ்வெண்ணின் பொருளைக் கருதி வருந்தியவர் அவர். ஸம்ஸ்க்ருதத்திலும் இசையிலும் யோகத்திலும் வல்லவராகிய அவர், எஞ்சிய தொள்ளாயிரத்துத் தொண்ணூறை எழுதிச் சேர்க்க நினைக்கவில்லை. திருக்குருகூர் சென்றார். பராங்குச தாஸரிடம் மதுரகவிகளின் ப்ரபந்தத்தைப் பெற்றுப் பன்னீராயிரம் உரு ஜபித்தார். கேட்ட ஆயிரத்தோடு மற்ற ஆழ்வார்களின் ப்ரபந்தங்களும் அவருக்குக் கிடைத்தன. நூலில் உள்ள குறை எத்தகையது என்று அறிந்து, அதற்குரிய இடத்தில் தேடியதன் பயன் நாலாயிரம்.

எல்லாக் குறைக்கும் தேடிச் செல்ல ஒரு குருகூர் இருப்பதில்லை என்பதும் உண்மை. ‘பொன்னியின் செல்வன்’ நிறைவுற்ற 1954-ஆம் ஆண்டிலேயே, இங்கிலாந்தில் பேராசிரியர் டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ என்னும் மாய உலக நெடுங்கதை வெளிவரத் தொடங்கிற்று. அதில் டாம் பாம்படில் என்றொருவன் வருகிறான். எல்லாரையும் கெடுக்கும் மோதிரம் அவனை ஒன்றும் செய்வதில்லை. அவன் யார் என்பதைக் கதை விளக்குவதில்லை. தெய்வம் என்றும் மண்ணின் ஆவி என்றும் வாசகர் இன்றும் வாதிடுகின்றனர். கதையுலகில் சில புதிர்கள் இருந்தே ஆக வேண்டும், இவன் கருதியே வைத்த புதிர் என்று டோல்கீன் அவ்வாண்டில் எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். ஆசிரியரே விடை இல்லை என்று சொன்ன பின்னும் வாதம் ஓயவில்லை. நிரப்ப விழைவது படிப்போர் எல்லார்க்கும் பொதுவான இயல்பு என்பது இதனால் தெரிகிறது.

அவ்விழைவு குற்றமன்று. நூலிடத்து அன்பு இல்லாதவன் விடுபட்டதைக் கவனிக்கவே மாட்டான். விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதிக் கதையைத் தொடர்ந்தார். தம் பெயரால் செய்த புதிய படைப்பு அது. கல்கியின் வாக்குக்கு உரை என்று அவர் அதனை முன்வைக்கவில்லை. 2022-இலும் 2023-இலும் வந்த திரைப்படங்களுக்கு வேறோர் இடர்ப்பாடு. எழுத்து விளக்கை அணைத்துவிட்டு அப்பால் செல்லலாம். திரை ஏதேனும் ஒன்றைக் காட்டியாக வேண்டும். காட்டப்பட்டது இயக்குநரின் நிர்வாகம் என்று பெயரிட்டு வைத்துக்கொண்டால் பிணக்கு இல்லை. அதனை மூலத்தின் தீர்ப்பாகக் கொண்டு, படிக்காமலே வழக்கு முடிந்தது என்பவர்களாலேயே நூல் நலிகிறது.

தொட்டியத்துச் செய்தியை ஸூத்ரம் விட்டது, கேட்போர் அறிந்திருந்தமையால். அதனை மாமுனிகள் சொன்னார், கேட்போர் மறந்தமையால். கடம்பூர் இருளைக் கல்கி விட்டது, அவ்விருளில்தான் சிலருடைய மனம் தெரியும் என்பதனால்; அதனை இன்று யாரும் விலக்க வேண்டியதில்லை. உடையார்குடிக் கல் விட்டதை ஆராய்ச்சியாளர் தேடட்டும். கிடைக்கும்வரை யார்மேலும் பழி ஏறாதிருக்கட்டும். இம்மூன்றையும் ஒரே விதமாக நிரப்புவது அறியாமை. எதனை எவ்விதம் நிரப்புவது, எதனை நிரப்பாமல் விடுவது என்று பகுத்துக் காட்டியதே வ்யாக்யாதாக்கள் செய்த உபகாரம். அது திருவாய்மொழி காலக்ஷேபம் கேட்போர்க்கு மட்டும் அன்றி, கதை படிக்கும் இளைஞர்க்கும் பயன்படும் என்பது தேற்றம்.